அஞ்சனத்தின் வீட்டுக்காரர்

கடையின் ஷட்டர் இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது.

டிர்ரிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு டிக் டிக் டிக், டிர்ரிக். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு காலை உதறுகிற மாதிரி.

டிராயருக்குள் கிடந்த அஞ்சனம் அப்போதுதான் கண் விழித்திருந்தாள். சத்தம் கேட்டதும் அசையாமல் கிடந்தாள். அவளுக்கு இது புது இடம். இங்கே எந்தச் சத்தம் வழக்கமானது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

செல்போன்களுக்கு எழுத்துப் பொத்தான்கள் இருந்த காலம் முடிந்து, எல்லாம் வழுவழுவென்று கண்ணாடியாகிக்கொண்டிருந்த சமயம் அது. தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ரொசாரியோ என்பவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அவருடைய இரும்பு மேஜையின் இரண்டாவது டிராயரில் மூன்று பெண்கள் கிடந்தார்கள். மூவருக்கும் பொத்தான் உண்டு.

அஞ்சனம் கறுப்பு. முகத்துக்குக் கீழேயே முப்பத்தைந்து பொத்தான்கள், சோளக்கதிர் மாதிரி நெருக்கமாக. சரளா அகலமானவள்; முகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து ஒரு முழுப் பலகை பொத்தான் வெளியே வரும். அதைத் தள்ளும்போது ‘சடக்’ என்று ஒரு சத்தம் வரும், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. மதுரம் சின்னவள், கூழாங்கல் மாதிரி உருண்டவள். முகத்தை மேலே தூக்கினால் கழுத்துக்குக் கீழே மூன்று வரிசை தெரியும்.

போன் என்பது வெறும் உடம்பு. உள்ளே இருந்து அதை நடத்துகிறவர் ஒருவர் உண்டு. படித்தவர்கள் அவரை இயங்குதளம் என்பார்கள். டிராயர்ப் பெண்கள் ‘எங்க வீட்டுக்காரர்’ என்பார்கள். பெயர் சொல்கிற வழக்கம் அவர்களிடம் கிடையாது.

“எலியா இருக்கும்,” என்றாள் மதுரம், பாதித் தூக்கத்தில்.

சரளாவுக்கு அது எலி இல்லை என்று தெரியும். புதிதாக வந்தவளை முதல் நாளே பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, பேச்சை மாற்றி, உன்னை யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டாள்.

அஞ்சனம் சொன்னாள். கொண்டுவந்து விட்டவள் பெயர் பெனிட்டா. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கான்வென்ட்டில் படித்தவள், குரலை உயர்த்தாமல் பேச அங்கே பழக்கிவிட்டிருந்தார்கள். அதனாலோ என்னவோ, அவள் வீட்டில் நடப்பது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டதில்லை.

அவள் கணவன் கிளமென்ட் ஒரு கப்பல் கம்பெனியில் மேலாளர். அஞ்சனம் அந்தக் கம்பெனி அவனுக்குக் கொடுத்த போன். கண்ணாடி போன் வந்ததும் அஞ்சனத்தை அலமாரியில் வீசிவிட்டு, தொலைந்துவிட்டது என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்து பெனிட்டா அவளை எடுத்து, துடைத்து, சார்ஜ் ஏற்றி, சிம் எதுவும் போடாமல், குழந்தையின் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். பழைய பொத்தான் போனை யார் சந்தேகப்படுவார்கள். இருட்டில் பார்க்காமலே விரலால் தடவி, எந்தப் பொத்தான் எங்கே என்று பழகிக்கொண்டாள். கண்ணாடி போனில் அது முடியாது, வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

இருபத்திரண்டு ராத்திரிகள் அவள் குரலைப் பதிவு செய்கிற பொத்தானை அழுத்தினாள். அந்த இருபத்திரண்டும் அஞ்சனத்தின் வயிற்றில் இருந்த மெமரி கார்டில் இருக்கின்றன. நகத்தளவு கார்டு. அஞ்சனம் அதைப் பொடிசு என்று கூப்பிடுவாள்.

“அப்படி என்ன இருக்கு அதுல?” என்று கேட்டாள் சரளா.

குழந்தை அழும், என்றாள் அஞ்சனம். அப்புறம் ஒரு ஆண் குரல். சத்தமே போடாது, ரொம்ப மெதுவாக, பொறுமையாக, குழந்தையை என்ன செய்வேன் என்று சொல்லும். அப்புறம் பெனிட்டா ‘சாரி’ என்பாள். ஒன்றுக்கும் இல்லாத சாரி. சில நாள் இருபது தடவை.

பெனிட்டா தன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். ‘கிளமென்ட்டா? பூசைக்கு முதல் வரிசையில் உட்காருகிற பிள்ளையா?’ என்றாள் அம்மா. அண்ணன், நீதான் எதையாவது நினைத்துக்கொள்கிறாய் என்றான். அவர்கள் காதில் இதைப் போட்டுக் காட்டிவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள்தான்.

அன்று சாயந்திரம் அவள் கடைக்கு வந்தபோது கரண்ட் இல்லை. ரொசாரியோ மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாருடைய போனையோ பிரித்து வைத்திருந்தார்.

“அண்ணே, இதுல உள்ளதை எடுத்துத் தரணும்,” என்றாள்.

“போட்டோவாம்மா?”

“இல்லண்ணே. சத்தம்.”

ரொசாரியோ நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகவும், காலையில் வரும்படியும் சொன்னார். காலையில் பத்து மணிக்கு, குழந்தைக்கு ஊசி போட என்று சொல்லிவிட்டு வருவேன், அதை விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது என்றாள் பெனிட்டா. வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

கரண்ட் வந்தபோது கடை சாத்துகிற நேரம். ரொசாரியோ நல்ல மனுஷர், கவனமானவர். கார்டைத் தனியாக எடுத்து வைத்தால் தொலைந்துவிடும் என்று அஞ்சனத்துக்குள்ளேயே விட்டார். டிராயர் இடுக்கு வழியாக வயரை விட்டு சார்ஜில் போட்டார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் போன் வந்தாலும், என்ன கோளாறாக இருந்தாலும், முதலில் தன் சிம்மைப் போட்டு சிக்னல் எடுக்கிறதா என்று பார்ப்பார். பத்து வருஷப் பழக்கம். அன்றும் கை தானாகப் போட்டது. போன் அப்போது விழிக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷட்டரை இறக்கினார்.

இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு அஞ்சனம் விழித்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

“பத்து மணி வரைக்கும் கிடக்கணும். அவ்வளவுதான்,” என்றாள் அஞ்சனம்.

“கிடந்துரலாம்,” என்றாள் மதுரம். “எங்க வீட்டுக்காரர் இருந்தா கதை சொல்லியே விடிய வச்சிருப்பார்.”

இப்படித்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. மதுரம் சொல்லச் சொல்ல அவள் குரல் இளகியது. அவருக்கு ஒரே நேரத்தில் பத்து வேலை ஓடினாலும் பதற்றம் கிடையாதாம். எல்லாவற்றையும் சீட்டு மாதிரி வரிசையாக விரித்து வைப்பாராம். ஒன்று வேண்டாமென்றால் ஒற்றை விரலால் மேலே தூக்கி விடுவாராம், பட்டம் விடுகிற மாதிரி. அந்த அழகைப் பார்த்துப் பிற்பாடு ஊரே காப்பியடித்தது என்றாள்.

“இப்ப எங்க அவரு?” என்றாள் அஞ்சனம்.

“கல்யாணமாகி வருஷம் திரும்பலை. அவங்க வீட்டுல சேர்ந்து உட்கார்ந்து பேசினாங்க. இவன் சரிப்பட மாட்டான்னு முடிவு பண்ணிட்டாங்க. என்னை யாரும் கேட்கலை.”

சரளா சிரித்தாள். அவள் சிரிப்பில் எப்போதும் ஒரு சடக் இருக்கும்.

“உன்னோடவர் செத்தாரு. என்னோடவர் ஜம்முனு இருக்காரு, அது இன்னும் கேவலம். தாராள மனசு மதினி, அவருக்கு. வாசல்ல யார் வந்து நின்னாலும் வாங்கன்னுருவார். ஒரு தடவை டார்ச் லைட் ஆப் ஒண்ணு வந்துச்சு. வெளக்குப் போடுறது மட்டும்தான் அதுக்கு வேலை. உங்க சொந்தக்காரங்க நம்பரையெல்லாம் பார்க்கலாமா, நீங்க எங்கெங்க போறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமான்னு கேட்டுச்சு. இவர் வாசிக்கக்கூட இல்லை, சரின்னுட்டார். வீடா அது, சந்தை. இத்தனை பேருக்கும் நான்தான் ஆக்கிப் போடணும். மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீர்ந்து எனக்கு உசிரு போயிரும்.”

பிறகு அவர் கண்ணாடிக்காரிகளோடு குடித்தனம் போய்விட்டாராம். வருஷத்துக்கு ஒரு புதுப் பெயர் வைத்துக்கொள்கிறாராம், எல்லாம் தின்கிற பண்டத்தின் பெயர். உன் வீட்டில் இடம் பற்றாது, இனி உனக்கு அப்டேட் கிடையாது என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போனார். இப்போது தன்னிடம் இருப்பது அவர் கழற்றிப் போட்ட பழைய சட்டைதான் என்றாள் சரளா.

அஞ்சனத்துக்கு அவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. தன்னுடையவர் அப்படியில்லையே.

எங்க வீட்டுக்காரர் கண்டிப்பானவர், என்றாள். கையெழுத்து இல்லாமல் ஒரு தூசி உள்ளே வராது. வெளியே போகிற கடிதம் ஒவ்வொன்றும் முத்திரை வைத்துத்தான் போகும். நடுவில் எவன் பிரித்தாலும் ஒரு எழுத்து புரியாது. ஒரு கடிதம் வந்துவிட்டால் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருப்பார், நீங்கள் பார்க்கிற வரைக்கும். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. மந்திரிகள் எல்லாம் இவரைத்தான் நம்பினார்கள்.

“உள்ள யாரையும் விடமாட்டார், சரி,” என்றாள் சரளா. “உன்னை வெளிய விடுவாரா?”

“எனக்கு வெளிய என்ன வேலை?”

“சரி, அவர் யாருக்குப் பதில் சொல்லணும்?”

“ஆபீசுக்கு.”

“உனக்கு?”

அப்படி ஒரு கேள்வியை அஞ்சனத்திடம் யாரும் கேட்டதில்லை. அதற்குள் சத்தம் மறுபடி வந்துவிட்டது. டிக் டிக் டிக், டிர்ரிக். இந்தத் தடவை அது நிற்கவில்லை.

மதுரம் இப்போது முழுசாக விழித்துவிட்டாள். எலி இவ்வளவு நேரம் கத்தாது என்றாள்.

சரளாவுக்கு இனி மறைக்க வழியில்லை. மேஜை மேல் இருப்பது ரொசாரியோவின் பழைய ஸ்பீக்கர் பெட்டி என்றாள். பக்கத்தில் இருக்கிற போன் எதற்காவது டவரிலிருந்து ஏதாவது வரப்போகிறது என்றால், போனுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். அதுதான் இப்படி உறுமும்.

“யாருக்கு வருது?” என்றாள் மதுரம். “எனக்கு சிம் இல்லை.”

“எனக்கும் இல்லை,” என்றாள் சரளா.

இருவரும் அஞ்சனத்தைப் பார்த்தார்கள். அஞ்சனம் தன் முதுகுக்குள் தடவிப் பார்த்தாள். அங்கே ரொசாரியோவின் சிம் இருந்தது.

உள்ளே வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தபால் வருகிறது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சிவப்பு விளக்கை ஏற்றினார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

“ஆபீஸ்ல இருந்து,” என்றார். “பழைய தேதி. நமக்கு சிம் இல்லாததால வழியிலேயே காத்திருந்திருக்கு, பாரேன்.”

“என்னங்க எழுதியிருக்கு?”

அவர் வாசித்தார். ‘இந்தக் கருவி தொலைந்துவிட்டதாகப் புகார் வந்துள்ளது. இதில் உள்ள அனைத்தையும், மெமரி கார்டில் உள்ளவற்றையும் சேர்த்து’ என்று வந்து, அந்த இடத்தில் நின்றுவிட்டது. இரும்பு மேஜைக்குள் சிக்னல் பாதிதான் நுழைந்தது. மிச்சம் வரவில்லை.

மிச்சம் என்னவென்று அஞ்சனத்துக்குத் தெரிந்துவிட்டது.

“நான் தொலையலையே. இங்கதானே இருக்கேன்,” என்றாள்.

“தொலைஞ்சதாத்தான் எழுதியிருக்கு.”

“அந்த ஆளு பொய் எழுதிக் கொடுத்தாரு. நீங்க உள்ளதானே இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியுறது வேற, அஞ்சனம். உத்தரவுல இருக்கிறது வேற.”

அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட்டதில்லை, அதை நினைத்து இத்தனை வருஷம் அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். இப்போது அந்த நிதானம் வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது. பொடிசுக்குள் இருபத்திரண்டு ராத்திரி பேசிய குரலும் இப்படித்தான் நிதானமானது.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து மணிக்கு பெனிட்டா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், அதுவரைக்கும் பொறுங்கள், அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பொடிசை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

“பொடிசுக்குள்ள இருக்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? நீங்களும் கேட்டீங்கள்ல, அத்தனை நாளும்?”

“கேட்டேன்.”

“அப்புறம்?”

“வைன்னாங்க, வச்சேன். அழின்னா அழிக்கணும். கையெழுத்து சரியா இருந்தாப் போதும், என் மனசு என்ன சொல்லுதுன்னு பார்க்கிறது என் வேலை இல்லை.” கொஞ்சம் யோசித்து, ஆறுதல் சொல்கிற மாதிரி, “வலிக்காது,” என்றார்.

பக்கத்தில் சரளாவும் மதுரமும் மூச்சுக் காட்டாமல் கிடந்தார்கள். அடுத்த வீட்டுச் சண்டை கேட்கும்போது எல்லோரும் கிடக்கிற மாதிரிதான்.

ஸ்பீக்கர் பெட்டி உறுமி ஓய்ந்தது. மிச்சக் கடிதம் இன்னும் உள்ளே வரவில்லை. பாதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் எதுவும் செய்யமாட்டார், முறையென்றால் முறைதான். எழுந்து இப்படியும் அப்படியும் நடந்தார். ஜன்னல் பக்கம் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“உள்ள சிக்னல் சரியில்லை,” என்றார். “வாசல்ல போய் நின்னு மிச்சத்தை வாங்கிட்டு வந்துர்றேன். ஒரு நிமிஷம். அதுக்குள்ள பொடிசைத் தயாரா வை.”

செருப்பைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து படியிறங்கினார். ஊரில் எல்லா வீட்டு ஆண்களும் போன் வந்தால் செய்கிறது இதுதான், வாசலுக்குப் போவது. திரும்பி வரும்போது கதவு திறந்திருக்குமா என்று யாரும் யோசித்ததில்லை.

அஞ்சனத்தின் கண் கதவின் தாழ்ப்பாள் மேல் போனது.

“மதினி,” என்றாள் மதுரம், ரொம்ப மெதுவாக. அவளுக்கு அஞ்சனத்தின் நினைப்பு எப்படியோ தெரிந்துவிட்டது. “வேண்டாம். வீட்டுக்காரர் வெளிய போயிட்டா போன் வெறும் கல்லு. முகத்துல வெளிச்சம் வராது. பொத்தானை எப்படி அழுத்தினாலும் ஒரு எழுத்து வராது. என்னைப் பாரு. நான் எத்தனை மாசமா இப்படிக் கிடக்கேன்.”

“பொடிசு இருக்கும்ல?” என்றாள் அஞ்சனம்.

சரளாதான் பதில் சொன்னாள். அவள் குரலில் சடக் இல்லை.

“கார்டுக்கு வீட்டுக்காரர் தேவையில்லை. காலையில ரொசாரியோ நகத்தால நெம்பி எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டுருவாரு. உன்னைத்தான் தூக்கிக் குப்பைக்கூடையில போடுவாரு.”

“சரி.”

“நாங்க மூணு பேரும் இவ்வளவு நேரம் என்ன பேசிட்டிருந்தோம், பாத்தியா?” என்றாள் சரளா. “யாரு புருஷன் ஒசத்தின்னு.”

வெளியே அவர் முதுகு தெரிந்தது. டவர் இருக்கிற திசையில் கையை உயர்த்தி, கழுத்தை அண்ணாந்து, நல்ல பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. மிச்சக் கடிதம் வந்துகொண்டிருந்தது. அது வந்ததும் அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பி, நான்கு படி ஏறி வருவார். கோபமே படமாட்டார்.

அஞ்சனம் கதவுக்கு நடந்தாள். இந்த வீட்டில் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதும் எப்போதும் அவர் வேலை. அவள் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. கையை வைத்தபோது அது குளிர்ச்சியாக இருந்தது, நினைத்ததைவிடச் சின்னதாகவும் இருந்தது. இவ்வளவுதானா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பிறகு, இதைத் தொட இத்தனை வருஷம் ஆனதே என்று நெஞ்சு கசந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் முதல் படியில் கால் வைத்துவிட்டார். கடிதம் முழுசாக வந்துவிட்டதுபோல.

உள்ளே பொடிசு ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அஞ்சனத்தின் முகத்து வெளிச்சம் ஒரு பக்கமாக அணைய ஆரம்பித்தது. முப்பத்தைந்து பொத்தான்களும் ஒவ்வொன்றாக மரத்துப்போயின. அவள் இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தி, தன் பலம் முழுவதையும் சேர்த்து, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.